போனது இடது கண் அல்ல, இடது பக்கம்

இந்த வாரமும் ஒருவர் புதுக் கண்ணாடியோடு வந்தார். "பவர் தப்பா போட்டுட்டாங்க டாக்டர், இடது கண்ணு தெரியவே மாட்டேங்குது" என்கிறார். பலகையில் கடைசி வரிவரை வாசிக்கிறார், ஆனால் ஒவ்வொரு வரியிலும் இடது ஓர எழுத்துகளை விட்டுவிட்டு. உள்ளே வரும்போதே இடது தோள் கதவு நிலையில் இடித்தது. லென்ஸ், விழித்திரை, கண் அழுத்தம் எல்லாம் சுத்தம். ஸ்கேன் எடுத்தால், மூளையின் வலது பின்பகுதியில் சில வாரங்களுக்கு முன் வந்துபோன ஸ்ட்ரோக். "கை, கால், பேச்சு எல்லாம் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எப்படி ஸ்ட்ரோக்?" என்று வீட்டார் என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். பின்னால் ரத்தம் கொண்டுபோகும் குழாய் மட்டும் அடைத்தால் கை கால் அசைவில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். பார்வை மட்டும்தான் போகும்.

சரி, என்னை ரொம்பப் பொறுமை இழக்க வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வலது மூளை இடது கண்ணைப் பார்த்துக்கொள்கிறது என்று ஒரு நம்பிக்கை, படித்தவர்களிடமும் இருக்கிறது. அப்படி இல்லை. உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும் ஒரு பொருளை இரண்டு கண்களுமே பார்க்கின்றன. இரண்டு விழித்திரைகளிலும் அது வலது பாதியில்தான் விழுகிறது. பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு கண்ணிலும் மூக்கை ஒட்டிய பாதியின் இழைகள் மட்டும் எதிர்ப்பக்கம் கடந்துபோகின்றன, மற்ற பாதி அதே பக்கம் நேராகப் போகிறது. ஆக, வலது மூளைக்குப் போய்ச்சேருவது இடது கண் பார்ப்பது அல்ல, இரண்டு கண்களும் பார்க்கும் இடது பாதி உலகம். அங்கே அடிபட்டால் இரண்டு கண்ணிலுமே இடப்பக்கம் மறையும். நோயாளிக்கு அது இடது கண் போனதுபோலத்தான் தோன்றும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கண்ணை மூடி, பிறகு இன்னொன்றை மூடிப் பாருங்கள். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தாலும் இடப்பக்கம் காணவில்லை என்றால், கண்ணாடியை மாற்றி எந்தப் பயனும் இல்லை. "எதுக்கும் அந்தக் கண்ணுல புரையை எடுத்துப் பார்த்துடலாமே" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டடி பட்ட வீரர்களைச் சோதித்து, மூளையின் பின்பகுதியில் எந்த இடம் பார்வையின் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்று தத்சுஜி இனோவே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் வரைந்தே காட்டிவிட்டார். அவர் அதை வெளியிட்டது 1909இல். நாம் இன்னும் பவரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிடரிக்கு நேர் உள்ளே இருக்கும் அந்தப் பகுதியோடு வேலை முடிவதில்லை. அசைவு, நிறம், முகம் என்று ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனித்தனி இடங்கள் உண்டு, அவை தனித்தனியாகவும் பழுதாகும். அசைவை மட்டும் இழந்த ஒரு பெண்மணியைப் பற்றி 1983இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. கோப்பையில் தேநீர் ஊற்றும்போது அது உறைந்து நிற்பதுபோலத் தெரியுமாம், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வழியவிட்டுவிடுவாராம். முகம் அறியும் திறனை இழந்தவர்கள் சொந்த மகளையே குரல் கேட்டுத்தான் அடையாளம் காண்பார்கள். இன்னும் சிலருக்கு இரண்டு பக்கமும் பார்வை போயிருக்கும், ஆனால் "நல்லாத் தெரியுதே" என்று சாதிப்பார்கள். நடிக்கவில்லை. பார்வை போனதே அந்த மூளைக்குத் தெரியாது. வீட்டில் இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் திட்டுதான்.

தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே விடுபவர் வேறு ரகம். அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் இல்லை. பார்வைப் பரப்பு, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் அளவு, மட்டும் குறைந்தவர் சொன்னால் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார், பழக்கவும் முடியும். இவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு, அதனால் வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

திடீரென்று ஒரு பக்கம் மறைந்தாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு கண் மட்டும் இருண்டு சில நிமிடத்தில் திரும்பினாலோகூட, தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்காதீர்கள். சொட்டு மருந்து வேண்டாம். ஸ்ட்ரோக் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதில் பாதியை வீட்டு ஆலோசனையிலேயே கரைத்துவிட்டு வருகிறார்கள். எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்வைப் பரப்பு குறைந்தது உறுதியானால் வண்டி ஓட்டுவதை அன்றே நிறுத்துங்கள். "மெதுவாத்தானே ஓட்டுறேன்" என்பதெல்லாம் பதில் இல்லை, குறுக்கே வருபவர் உங்கள் கண்ணுக்கே படமாட்டார். கொஞ்சம் திரும்பக் கிடைப்பதென்றால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் கிடைக்கும். அதோடு, தெரியாத பக்கம் கண்ணை வேண்டுமென்றே ஓட்டிப் பார்க்கும் பயிற்சி நிறைய உதவும். இடப்பக்கம் தெரியாதவர் வாசிக்கும்போது அடுத்த வரியின் ஆரம்பத்தைத் தொலைப்பார். பக்கத்தின் இடது ஓரத்தில் தடிமனாக ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொடுங்கள், அந்தக் கோடு கண்ணில் படும்வரை பார்வையை இடப்பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கண் பரிசோதனைக்கு வரும்போது மூளை ஸ்கேன் படங்களையும் எடுத்து வாருங்கள். எழுத்துப் பலகையை மட்டும் வாசிக்கச் சொல்லி அனுப்பிவிட்டால், பார்வைப் பரப்புச் சோதனை எங்கே என்று கேளுங்கள்.