ஏப்பம் விட முடியாத ஆடுகள்

தாமஸ் ஹார்டியின் ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்’ நாவல் 1874-இல் வெளிவந்தது. அதில், வேலியை உடைத்துக்கொண்டு குளோவர் என்ற தீவனச் செடி இளந்தளிராக வளர்ந்திருந்த வயலுக்குள் புகுந்த செம்மறியாடுகள் வயிறு உப்பிச் சாய்கின்றன. பண்ணைக்காரி பாத்ஷீபா, தானே வேலையிலிருந்து நீக்கிய இடையன் கேப்ரியல் ஓக்கை மீண்டும் அழைக்க நேர்கிறது. அவன் ஒவ்வோர் ஆட்டின் இடது விலாப்புறத்திலும் ஊசி பொருத்திய குழாயைச் செருகிக் காற்றை வெளியேற்றுகிறான். 1967-இல் ஜான் ஷ்லெசிங்கரும் 2015-இல் தாமஸ் வின்டர்பெர்க்கும் இயக்கிய திரைப்படங்கள் இரண்டிலும் இக்காட்சி உண்டு.

இத்தகைய காட்சியின் உண்மைத்தன்மையை எடைபோட, ஆட்டின் வயிற்றுக்குள் நடப்பதை அறிய வேண்டும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை ஒரு நொதிக்கலன் போன்றது. அங்கு வாழும் நுண்ணுயிரிகள் புல்லைச் சிதைக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் இடைவிடாமல் உண்டாகின்றன. ஆடு அவற்றை ஏப்பமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் குளோவர் பயறுக் குடும்பத்துச் செடி. அதன் இளந்தளிரின் செல்கள் விரைவில் உடைந்து, கரையும் புரதங்களை வெளிவிடுகின்றன. அவை வாயுவைச் சிறுசிறு குமிழிகளாகப் பிடித்து, எளிதில் உடையாத நுரையாக்கிவிடுகின்றன. உணவுக்குழாயின் வாயை நுரை மூடியவுடன் ஏப்பம் தடைபடுகிறது. உப்பிய இரைப்பை உதரவிதானத்தை நெருக்க, நுரையீரல் விரிய இடமின்றி ஆடு மூச்சுத் திணறி இறக்கிறது. நம் கால்நடை வளர்ப்போர் ‘வயிறு உப்புசம்’ என்று அஞ்சுவதும் இதைத்தான்.

அந்த இரைப்பை உடலின் இடப்பக்கத்தில் இருப்பதால், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடைப்பட்ட குழி முதலில் மேடாகிறது. ஓக் இடப்புறம் தேடுவது, ஹார்டி தொழிலை அறிந்து எழுதியதற்குச் சான்று. படமெடுப்போருக்கு ஒரு சிக்கல் உண்டு: நாவலில் இது மயிர் கத்தரிப்பதற்கு முன் நிகழ்வதால், அடர்ந்த கம்பளி வீக்கத்தை ஓரளவு மறைத்துவிடும், திணறும் மூச்சும் தள்ளாடும் நடையுமே நோயை உணர்த்தியாக வேண்டும். உண்மையான ஆட்டை வதைத்துப் படமாக்கவும் இயலாது. விலங்குகளுக்குக் கொடூரமாக வலியூட்டி எடுத்த காட்சிகளைத் திரையிட பிரிட்டனின் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது வேறொன்று. குழாயிலிருந்து பாய்ந்த காற்று மெழுகுவத்தியை அணைக்கும் அளவு வலுவானது என்கிறார் ஹார்டி. நுரையாகாத வெறும் வாயு தேங்கியிருந்தால் அப்படித்தான் சீறும். ஆனால் குளோவர் உண்டாக்குவது பெரும்பாலும் நுரை. அது குறுகிய குழாயில் கசிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், இன்றைய மருத்துவர்கள் நுரையை உடைக்கும் எண்ணெயைப் புகட்டுகிறார்கள். ஆகவே திரையில் சீறலைக் கேட்பது நாவலுக்கு உண்மை. நுரையைக் காண்பது இரைப்பைக்கு உண்மை. ஓர் இயக்குநர் இரண்டையும் கலந்து காட்டினால் நான் மகிழ்வேன்.

கணக்கிலும் ஹார்டி நேர்மையானவர். பாதிக்கப்பட்ட 57 ஆடுகளில் 49 சிகிச்சையால் பிழைக்கின்றன, 3 தாமாகவே தேறுகின்றன, 4 முன்பே இறந்துவிடுகின்றன. ஒன்று ஓக்கின் குறி தவறிய குத்தால் சாகிறது. அந்த ஒரு குத்தைத் திரையில் காட்டுவதுதான், கைதேர்ந்த இடையனுக்கும் அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்தும்.