எதிராளிக்கு எத்தனை வழி?

"செஸ்ஸில் ராணியையே கொடுத்துவிட்டு ஜெயிக்கிறார்கள். மனிதர் செய்தால் துணிச்சல் என்று புகழ்கிறோம். கணினிக்கு ஏது துணிச்சல்? அதே நகர்வை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். மனிதர்கள் செய்யும்போதும் அதில் துணிச்சல் குறைவு, எண்ணிக்கைதான் அதிகம்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். ராணிக்கு 9 மதிப்பெண், யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் மும்மூன்று, சிப்பாய்க்கு 1. ராஜாவுக்கு மதிப்பெண்ணே இல்லை. அது தப்ப வழியின்றி மாட்டினால் (செக்மேட், சுருக்கமாக மேட்) ஆட்டம் முடிந்தது. செக் வந்தால், அதாவது ராஜா தாக்கப்பட்டால், தப்பிக்க மூன்றே வழி: ராஜா நகரலாம், நடுவில் ஒரு காயை வைத்து மறைக்கலாம், செக் கொடுத்த காயை வெட்டலாம். முன்னால் நிற்கும் சிப்பாய்கள் கலைந்துபோன ராஜாவுக்கு செக் அடிக்கடி வரும், தப்பிக்கும் வழிகளும் ஒவ்வொன்றாக அடைபடும்.

இப்போது 1912-க்குப் போவோம். லண்டனில் எட்வர்ட் லாஸ்கர் வெள்ளைக் காய்களுடனும் ஜார்ஜ் தாமஸ் கறுப்புக் காய்களுடனும் ஆடிய ஆட்டம். (உலகச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் வேறு, இவர் பொறியாளர். தாமஸை நீங்கள் வேறு வழியில் அறிந்திருப்பீர்கள். 2022-இல் இந்தியா வென்றதே, பாட்மின்டன் தாமஸ் கோப்பை, அது இவர் பெயரில் இருப்பதுதான்.) பத்து நகர்வுகள் முடிந்த நிலையில் தாமஸின் ராஜா கோட்டை கட்டி (யானையோடு சேர்ந்து ஒதுங்கும் சிறப்பு நகர்வு) ஓரமாக உட்கார்ந்திருந்தது. (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்.) எஃப் நெடுவரிசையிலிருந்த சிப்பாய் மட்டும் ஏற்கெனவே போயிருந்தது. பார்வைக்குப் பெரிய ஆபத்தில்லை.

லாஸ்கர் தன் ராணியால் எச்7 சிப்பாயை வெட்டி செக் வைத்தார். ராணிக்குப் பின்பலம் கிடையாது. கறுப்பு ராஜா வெட்டியே ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. அடுத்து ஒரு குதிரை எஃப்6-இல் இருந்த பிஷப்பை வெட்டியது. அது விலகியதும் பின்னாலிருந்த பிஷப்பின் பாதையும் திறந்து, ஒரே நேரத்தில் இரண்டு செக். இரட்டைச் செக்கின் அழகு என்னவென்றால், மறைப்பதும் வெட்டுவதும் பயன்படாது; ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று இருக்கும். ராஜா நகர்ந்தே தீர வேண்டும். அப்புறம் குதிரை, சிப்பாய், சிப்பாய், பிஷப், யானை என்று வரிசையாக செக். கறுப்பு ராஜா ஜி8-இல் தொடங்கி பலகையின் மறுகோடியான ஜி1 வரை விரட்டப்பட்டது. பதினெட்டாம் நகர்வில் லாஸ்கரின் ராஜா ஒரு கட்டம் விலகியது, பின்னாலிருந்த யானை செக்மேட் கொடுத்தது.

ராணி வெட்டியது முதல் மேட் வரை கறுப்புக்கு ஏழு முறை வாய்ப்பு வந்தது. நடுஆட்டத்தில் ஒருவருக்குச் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட நகர்வுகள் இருக்கும். முப்பது என்றே வைத்துக்கொண்டாலும் ஏழு முறைக்கு 2187 கோடி பாதைகள். அதுவும் கறுப்பின் பக்கம் மட்டும். ஆனால் இந்த ஆட்டத்தில் ஏழில் ஆறு முறை கறுப்புக்கு இருந்தது ஒரே ஒரு நகர்வு. இரட்டைச் செக்கின்போது மட்டும் இரண்டு. ஆக, பார்க்க வேண்டிய பாதைகள் மொத்தம் இரண்டு. 2187 கோடியை இரண்டாக்கிக் கொடுத்ததற்கான விலைதான் அந்த ராணி.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதில்லை. சில ஆடுகளைக் கொடுத்துத்தானே புலியைக் கட்டுகிறோம்? எத்தனை ஆடு மிச்சம் என்பதைவிடப் புலிக்கு எத்தனை வழி மிச்சம் என்பதே அங்கே கேள்வி.

கணினிக்கு வருவோம். மதிப்பெண்ணை மட்டும் கூட்டிக் கழித்து, சில நகர்வு ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளும் நிரலுக்கு இந்த நகர்வு 'ஒரு சிப்பாய்க்கு ஒரு ராணி, 8 மதிப்பெண் நட்டம்' என்றே தெரியும். அதனால்தான் பல நிரல்கள், செக் வரும் கிளைகளில், அதாவது நகர்வுக்கு நகர்வு மரம்போலப் பிரியும் பாதைகளில், வழக்கத்தைவிட ஆழமாகத் தேடும்படி எழுதப்பட்டன. அது ஒரு ஒட்டுவேலை. எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு முறை. 1990-களில் நெதர்லாந்தில் கணினி ஆய்வாளர் விக்டர் ஆலிஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் உருவாக்கியது. தமிழில் 'நிரூபண எண் தேடல்' என்று சொல்லலாம்.

அது காய்களின் மதிப்பை எட்டிக்கூடப் பார்க்காது. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் கொடுக்கும்: 'இங்கே எனக்கு வெற்றி உறுதி என்று நிரூபிக்க, இன்னும் குறைந்தது எத்தனை முனைகளை (கிளைகளின் நுனியிலுள்ள நிலைகளை) முடித்தாக வேண்டும்?' இன்னும் ஆராயாத முனைக்கு 1. மேட் ஆகிவிட்ட முனைக்கு 0, அதாவது வேலை பாக்கியில்லை. வெற்றி கிடையாது என்று தெரிந்துவிட்ட முனைக்கு முடிவிலி.

மீதி இரண்டு விதிகள். நான் நகர்த்தும் முறை என்றால், என் நகர்வுகளில் ஏதாவது ஒன்று ஜெயித்தால் போதும். எனவே கிளைகளில் எது சிறிய எண்ணோ அதுவே இந்த நிலையின் எண். எதிராளியின் முறை என்றால் அவருடைய எல்லா பதில்களையும் நான் முறியடித்தாக வேண்டும். எனவே எல்லாக் கிளைகளின் எண்களையும் கூட்ட வேண்டும். என் முறைக்குச் சிறுமம், அவர் முறைக்குக் கூட்டல். இவ்வளவுதான் இயந்திரம். ஒவ்வொரு முறையும் என் நகர்வுகளில் எண் மிகக் குறைவாக இருக்கும் வழியில் இறங்கி, அடியிலுள்ள முனையை விரித்து, எண்களைத் திருத்திக்கொண்டே மேலே வரும்.

லாஸ்கரின் பலகையில் இதை ஓட்டிப் பாருங்கள். சாதாரண நகர்வு ஒன்றுக்கு எதிராளியிடம் முப்பது பதில் இருந்தால் அதன் எண் 30. ராணி வெட்டுக்கு ஒரே பதில், எண் 1. ஆகவே நிரல் முதலில் ஆழமாக இறங்குவதே ராணி வெட்டில்தான்! நமக்கு மயிர்க்கூச்செறியும் நகர்வு, அதற்கு மிக மலிவான நகர்வு. அடுத்த படியில் இன்னும் நுட்பம். ராஜா எச்7-க்கு வந்ததும் குதிரையை ஜி5-இல் வைத்தாலும் இரட்டைச் செக்தான். ஆனால் அங்கே ராஜாவுக்கு மூன்று கட்டங்கள் திறந்திருக்கும். எஃப்6-இல் வெட்டினால் குதிரை ஜி8-ஐயும் அடைத்துவிடுகிறது, மிச்சம் இரண்டு. மூன்றைவிட இரண்டு சிறிது, நிரல் அங்கே போகிறது. அந்த இரண்டில் ராஜா மூலைக்கு ஓடினால் மற்றக் குதிரை ஜி6-இல் வந்து உடனே மேட், எண் 0. மிச்சம் ஒன்று. அதற்குள் போனால் மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. கடைசியில் 0. அந்த 0 மரத்தின் வேர் வரை ஏறி வந்து, ராணி வெட்டு நிரூபணமாகிறது.

இந்த முறைக்கு ஒரு சுவையான பக்கவிளைவு உண்டு. அது கண்டுபிடிப்பது ஒரு நிரூபணம், மிகக் குறுகிய நிரூபணம் என்று உத்தரவாதமில்லை. லாஸ்கரும் அப்படித்தான்: பதினான்காம் நகர்வில் எச் சிப்பாய்க்குப் பதில் எஃப் சிப்பாயைத் தள்ளியிருந்தால் ஒரு நகர்வு முன்னதாகவே மேட்.

மனித மூளையில் நடப்பதும் ஓரளவு இதுபோலத்தான். நெதர்லாந்து உளவியலாளர் ஆத்ரியான் தெ க்ரோட் 1940-களில் பெரிய ஆட்டக்காரர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக ஆழம் போகவில்லை, எந்தக் கிளையைப் பார்ப்பது என்பதில்தான் வித்தியாசம். பயிற்சியாளர்கள் "முதலில் எல்லா செக்கையும் பார்" என்று பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான்.

'விளையாட்டு ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்கு அரசுப் பணம்?' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மருந்து மூலக்கூறைத் தயாரிக்கப் பல வேதிவினைகள் இருக்கலாம், ஏதாவது ஒன்று போதும். ஆனால் அந்த வினைக்குத் தேவையான மூலப்பொருள்கள் எல்லாமே கிடைக்க வேண்டும். என் முறைக்குச் சிறுமம், அவர் முறைக்குக் கூட்டல். அதே மரம்! நிரூபண எண் தேடலை மூலக்கூறு தயாரிப்புத் திட்டத்துக்குப் பயன்படுத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இதைச் செஸ் பலகையோ, நாலு காய்களை வரிசையாகச் சேர்க்கும் 'கனெக்ட் ஃபோர்' ஆட்டமோ தொடங்கிவைக்கும் என்று எந்த நிதிக்குழுவும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. 'உடனடிப் பயன் என்ன?' என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு பெட்டி வைத்து நிரப்பச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, எல்லா பலியும் இப்படி எண்ணிக்கையில் அடங்குமா? அடங்காது. செக் இல்லாத அமைதியான ஒரு நகர்வு நடுவில் வந்தாலே கூட்டல் எகிறிவிடும். 1999 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேயில் ரஷ்யாவின் காஸ்பரோவ், பல்கேரியாவின் தோப்பலோவுக்கு எதிராக 24-ஆம் நகர்வில் ஒரு யானையைக் கொடுத்தார். தோப்பலோவ் எடுத்துக்கொண்டார். அவருடைய ராஜா ஏ7-இலிருந்து காஸ்பரோவின் முதல் வரிசையான டி1 வரை இழுத்து வரப்பட்டு, ஆட்டம் தோற்றது. ஆனால் இடையில் காஸ்பரோவ் ராணியை சி3-க்கு நகர்த்தியது போன்ற, செக்கே இல்லாத நகர்வுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எதிராளிக்கு ஏராளமான பதில்கள். அதைவிட முக்கியம், தொடக்கத்திலேயே தோப்பலோவ் அந்த யானையைத் தொடாமல் ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் தாக்குதலே கிடையாது. ஆலிஸின் இயந்திரத்தில் போட்டால் அந்த ஒரு கிளையின் எண் கடைசிவரை பூஜ்யத்துக்கு இறங்காது. செஸ் உலகம் மிக அதிகமாகக் கொண்டாடும் பலிகளில் ஒன்று, நிரூபணக் கணக்கில் தேறாத நகர்வு.