ராமநாதபுரத்தில் நெல் காப்பீடு: பணம் எங்கே நழுவுகிறது?

தொண்டி, திருப்பாலைக்குடி, உப்பூர், தேவிபட்டினம் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் நெல் வெள்ளாமை. ஐப்பசி மழை ஏமாற்றினால் கண்மாய் பெருகாது, பயிர் சாவியாகிவிடும். அப்படிப்பட்ட வருசத்தில் பக்கத்து வயல்காரருக்குப் பணம் ஏறியிருக்கும், நமக்கு ஏறியிருக்காது. விசாரிக்கப் போனால் சொசைட்டி வேளாண் அலுவலகத்தைக் கைகாட்டும், அவர்கள் காப்பீட்டுக் கம்பெனியைக் கைகாட்டுவார்கள். இந்த அலைச்சலில் பாதிக்குக் காரணம் பதிவு செய்த அன்று விழுந்த ஒரு பிழைதான்.

பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, மிளகாய்க்கு 5. மீதிப் பிரீமியத்தை ஒன்றிய, மாநில அரசுகள் கட்டுகின்றன. திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

சம்பா நெல்லுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. கடைசி இரண்டு நாளில் சர்வர் நகராது, வி.ஏ.ஓ.வும் கிடைக்கமாட்டார். அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். நடப்புப் பசலி (வருவாய்த்துறை ஆண்டு) அடங்கல், அதாவது எந்த வயலில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு, அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவை வேண்டும். பசலி ஜூலையில் மாறுகிறது. போன பசலி அடங்கலைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். சிட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றுக்கே மாதங்கள் ஓடிவிடும். அதை வெயில் காலத்திலேயே தொடங்க வேண்டும். குத்தகைக்கு உழுபவர்கள் அடங்கலில் சாகுபடிதாரர் என்று தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையை எந்தக் கம்ப்யூட்டரும் ஏற்காது.

பெரிய கண்ணி, ஊர்ப்பெயர். நாம் சொல்வது குக்கிராமத்தின் பெயர் அல்லது பஞ்சாயத்தின் பெயர். காப்பீடு கணக்குப் பார்ப்பது அடங்கலில் உள்ள வருவாய் கிராமத்தை. இ-சேவை மையத்துப் பையன் பட்டியலில் முதலில் கண்ட பெயரைத் தட்டிவிட்டால் உங்கள் நிலம் வேறு கிராமத்தில் போய் உட்காரும். அந்தக் கிராமத்தில் விளைந்திருந்தால் உங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. அதனால் ரசீதைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று, அடங்கலையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து, வருவாய் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், பேங்க் கணக்கு எண் ஆறையும் ஒப்பிடுங்கள். அடங்கலில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 0.405 ஹெக்டேர். இதில் குழம்பித்தான் பரப்பைக் கூட்டியோ குறைத்தோ போட்டுவிடுகிறார்கள். பேங்க் இணைப்புகளுக்குப் பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறிய பழைய பாஸ்புக்கை நீட்டுவதும் வழக்கமான தொல்லை. பதிவுக்குப் பிரீமியம் தவிர வேறு கட்டணம் இல்லை, மையத்துக்குரிய கூலியைக் கம்பெனி கொடுத்துவிடுகிறது. ஜெராக்ஸ் காசு வேறு.

சொசைட்டியிலோ பேங்கிலோ பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு 2020 முதல் காப்பீடு கட்டாயமில்லை. ஆனாலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் கணக்கில் பிரீமியத்தைப் பிடித்துவிடுவார்கள். பிடித்தது தெரியாமல் மையத்திலும் போய்க் கட்டினால் ஒரே சர்வே எண்ணுக்கு இரட்டைப் பதிவாகி, நிராகரிப்பில் முடியும். பிடித்த பணத்தைக் காப்பீட்டுப் போர்ட்டலில் ஏற்றாமல் விடுவது இதற்கு நேர் எதிரான அநியாயம். அப்படி விட்டால் இழப்பீட்டுக்கு அந்த பேங்க்தான் பொறுப்பு என்று திட்ட விதிகளே சொல்கின்றன. நவம்பர் கடைசியில் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பிடித்தம் காட்டும் பாஸ்புக் வரி மட்டும் போதாது.

இனி இழப்பீடு. வறட்சிக்கு உங்கள் வயலை யாரும் வந்து பார்ப்பதில்லை, மனுக் கொடுத்தாலும் பயன் இல்லை. ஒரு வருவாய் கிராமத்தில் நான்கு இடங்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுவடைச் சோதனை செய்வார்கள். அதைக் கொண்டு கணக்கிடும் கிராம மகசூல்தான் எல்லோருக்கும். சோதனை கண்மாய் மடையோரத்து வயலில் விழுந்தால் கடைமடைக்காரன் பாடு திண்டாட்டம். எந்தச் சர்வே எண்கள் தேர்வாகியுள்ளன என்று கேளுங்கள், அறுப்பன்று ஊரார் இரண்டு பேராவது நிற்க வேண்டும், எடை போட்டதைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு அளவுகோல் உத்தரவாத மகசூல். அது கடந்த 7 ஆண்டில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியில் 70, 80 அல்லது 90 விழுக்காடு. உதாரணத்துக்கு அது 1,000 கிலோ, சோதனையில் 400 என்றால் குறைவு 60 விழுக்காடு. 25,000 ரூபாய் காப்பீட்டுக்கு 15,000 வரும். இந்தக் கணக்கில் மோசமான இரண்டு ஆண்டுகள்தான் கழிகின்றன. நம் மாவட்டத்தில் ஏழில் மூன்று, நான்கு ஆண்டு வறண்டால் மிச்ச வறட்சியும் சராசரிக்குள் நுழைந்து உத்தரவாதத்தைக் கீழே இழுக்கிறது. அடிக்கடி அடிபடுகிறவனுக்குத்தான் குறைவாகக் கிடைக்கும், எந்த மேதை வகுத்தாரோ!

விதைக்கவே முடியாமல் போன கிராமத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு உண்டு. ஆனால் கிராமப் பரப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் விதைக்காமல் இருக்க வேண்டும், அதை அரசு அறிவிக்க வேண்டும், அத்தோடு பாலிசி முடிந்துவிடும். இந்த இடத்தில்தான் ஆராய்ச்சி உதவியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் சார்மாப் நிறுவனமும் ரைஸ் என்ற கூட்டுத் திட்டத்தில் ரேடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, மேகம் மூடியிருந்தாலும் எங்கே நெல் விதைத்திருக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். 2016-17 வறட்சியில் விதைப்புப் பொய்த்த கிராமங்களை அடையாளம் காண அது பயன்பட்டது. மேலேயிருந்து பார்க்கும் அந்தக் கண்ணுக்குக் கிராமம் தெரியும். தப்பாக ஏற்றிய சர்வே எண் தெரியாது.

மழைப் பக்கம் விதி வேறு. அறுத்துக் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ கெட்டால் 72 மணி நேரத்துக்குள் 14447-க்குச் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று காத்திருந்தால் போச்சு. நின்ற பயிர் தண்ணீரில் மூழ்கியதற்கு நெல்லுக்குத் தனிவயல் இழப்பீடு 2018-இல் எடுக்கப்பட்டது. 2026 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் பருவம்) முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். உங்கள் பருவத்து அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று பதிவின்போதே கேளுங்கள்.

பணம் வராவிட்டால் குறைதீர் கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவில் விண்ணப்ப எண் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். கூடவே பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று, வேளாண் இணை இயக்குநர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு: உங்கள் வருவாய் கிராமத்தின் உத்தரவாத மகசூல், நான்கு சோதனைகளின் சர்வே எண்கள், ஒவ்வொன்றின் எடை. இந்த மூன்று மட்டும் கேளுங்கள், காரணம் கேட்டால் சுற்றி வளைத்துப் பதில் எழுதுவார்கள்.