க்யூஓஎஸ் போட்டும் குரல் விட்டு விட்டு வருகிறதா?

இணையம் வழியே போன் பேசும் சிறு அலுவலகங்களில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது: “ரூட்டரில் க்யூஓஎஸ் போட்டாச்சு, போனுக்கு முன்னுரிமையும் கொடுத்தாச்சு. அப்புறமும் குரல் விட்டு விட்டுத்தான் வருது.” க்யூஓஎஸ் (QoS) என்பது எந்தத் தரவை முதலில் அனுப்புவது என்று ரூட்டர் முடிவு செய்யும் வசதி. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் முன்னுரிமை விதிகள் சரியாகவே இருக்கும். இணைப்பின் வேகத்தைக் கேட்கும் கட்டம்தான் காலியாக இருக்கும், அல்லது பிளானில் சொன்ன எண் அப்படியே கிடக்கும்.

ரூட்டரை மோடத்தோடு இணைக்கும் வான் (WAN) போர்ட் 1000 எம்பிபிஎஸ். உங்கள் அப்லோடு வெறும் 20 என்பது நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். சொல்லாவிட்டால், வருவதையெல்லாம் உடனுக்குடன் வெளியே தள்ளிவிடும். நெரிசல் மோடத்தில் போய்ச் சேரும். அங்கே உங்கள் விதி எதுவும் செல்லாது; பேக்கப் கோப்புக்குப் பின்னால் குரல் பாக்கெட் (குரல் தரவின் சிறு துண்டு) காத்துக் கிடக்கும். வரிசை உங்கள் ரூட்டருக்குள்ளேயே நின்றால்தான் யாரை முதலில் விடுவது என்று அது முடிவு செய்ய முடியும். அதனால்தான் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணைக் கொடுக்கிறோம்.

அந்த எண்ணை அளந்துதான் எடுக்க வேண்டும். க்யூஓஎஸ்ஸை அணைத்துவிட்டு, வைஃபை இல்லாமல் கேபிள் வழியாக, இணைப்பு மந்தமாகும் நேரங்களிலும் சோதியுங்கள். டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்கும் தனித்தனி எண். கிடைத்ததில் குறைந்ததை எடுத்து, அதில் 85 முதல் 90 சதவீதம் வையுங்கள். அப்லோடு 18 வந்தால் 16 போதும். பிறகு பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங் (பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். தாமதம் எகிறினால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். டவுன்லோடில் நெரிசல் நம் ரூட்டருக்கு முன்பே உண்டாகிவிடுவதால், அங்கே கூடுதலாகவே இடைவெளி விட வேண்டியிருக்கும்.

குரலுக்கு ஒதுக்கும்போதும் கணக்கு பிசகுகிறது. ஜி.711 கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) 64 கேபிபிஎஸ் என்று பார்த்து, 10 அழைப்புக்கு 640 ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் குரல் பாக்கெட்டுகளாகத்தான் போகும். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் விநாடிக்கு 50. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதற்கு மேல் முகவரி போன்ற விவரங்கள் அடங்கிய 40 பைட் தலைப்பு. ஆக, ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 80 கேபிபிஎஸ். ஈதர்நெட் சுமையையும் சேர்த்தால் ஏறத்தாழ 87. பத்து அழைப்புக்கு 870 வேண்டும். பிபிபிஓஈ (PPPoE: பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இணைப்பில் பாக்கெட்டுக்கு இன்னும் 8 பைட் கூடும்.

4ஜி, 5ஜி இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது கடினம். வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மோசமான நேரத்தில் கிடைக்கும் வேகத்தையே எண்ணாக வைக்கச் சொல்வேன். மற்ற நேரத்தில் கொஞ்சம் வேகம் வீணாகும், ஆனால் அழைப்பு அறுபடாது.