ஒரு டன் ஈர நெல்லுக்கு எத்தனை கிலோ வெயில்?

குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் முட்டிக்கொள்ளாத வருடம் டெல்டாவில் அபூர்வம். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் பார்க்கும் கருவியில் 22 என்று காட்டும். விதிப்படி 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். சில வருடங்களில் மத்திய அரசு விதியைத் தளர்த்துவதுண்டு. அந்த உத்தரவு வந்து சேர்வதற்குள் குவியலின் அடியில் முளை விட்டிருக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் மண்டையைப் பிளந்த வெயிலில் கொஞ்சத்தை எடுத்து வைத்திருந்தால் என்ன என்று தோன்றும் அல்லவா? வெப்பத்தைச் சேமிப்பதையே தொழிலாகக் கொண்ட பொருள் அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை எதில் மாட்டிக்கொள்கிறது என்பதை இந்த ஈர நெல்லை வைத்தே பார்க்கலாம்.

முதலில் கணக்கு. 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 60 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகப் போக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆக மொத்தம் 1,44,000 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் 40 யூனிட். உண்மையான உலர்த்தும் இயந்திரத்தில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இந்த 40 யூனிட் வெப்பத்தை எதில் வைப்பது? தண்ணீரில் வைக்கலாம். 75 டிகிரிக்குச் சுடவைத்து, 45 டிகிரிக்கு ஆறும்வரை பயன்படுத்தினால் கிலோவுக்கு 125 கிலோஜூல் கிடைக்கும். அப்படியானால் 1,150 கிலோ தண்ணீர் வேண்டும். மணலில் வைக்கலாம். மணல் கிலோவுக்கு டிகிரிக்கு 0.8 கிலோஜூல்தான் பிடிக்கும், தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அது கொதிக்காது, ஆவியாகாது. 500 டிகிரி வரை ஏற்றி 100 வரை இறக்கினால் 450 கிலோ மணல் போதும். பின்லாந்தில் காங்கான்பா என்ற ஊரில் 2022-ல் இப்படி 100 டன் மணலை ஓர் இரும்புக் கொள்கலனில் நிரப்பி, 8,000 யூனிட் வெப்பத்தைச் சேமித்து ஊர் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கொள்ளிடக் கரையில் இருப்பவர்களுக்கு மணலின் மதிப்பு பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இது அந்த மணல் வேலை இல்லை என்பது ஓர் ஆறுதல்.

அடுத்த வழி, உருகும் பொருள்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே போனால் அது கெட்டியாகும். அதை வெயிலில் வைத்தால் வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாம் உருகி முடியும்வரை எண்ணெயின் சூடு பெரிதாக ஏறாது. உள்ளே போன வெப்பம் மூலக்கூறுகளின் பிடியை அவிழ்ப்பதில் செலவாகிறது. திரும்ப உறையும்போது அதே வெப்பம் வெளியே வரும். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1760-களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் இதை அளந்து காட்டினார். மெழுகு உருக கிலோவுக்கு சுமார் 200 கிலோஜூல். நம் நெல்லுக்கு 720 கிலோ மெழுகு. சோடியம் அசிடேட் என்ற நீரேறிய (படிகத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்) உப்பு 58 டிகிரியில் உருகும், கிலோவுக்கு 260 கிலோஜூல். 550 கிலோ போதும். நெல் காயவைக்கத் தோதான சூடும் கூட.

காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் வெப்பத்தை வெளியே எடுக்கும்போது ஆரம்பிக்கிறது.

மெழுகுத் தொட்டிக்குள் ஒரு செம்புக் குழாயை விட்டு, அதில் காற்றையோ தண்ணீரையோ ஓட்டினால் வெப்பம் வர வேண்டும். வரும், சிறிது நேரம். குழாயை ஒட்டியிருக்கும் மெழுகுதான் முதலில் உறைகிறது. உறைந்த மெழுகு குழாயின்மேல் ஒரு சட்டை போல மூடிக்கொள்கிறது. செம்பைவிட சுமார் 2,000 மடங்கு மோசமாக வெப்பம் கடத்துவது மெழுகு. ஒரு விரல் தடிமன் ஏறிவிட்டால் போதும், அதற்கு அப்பால் நூற்றுக்கணக்கான கிலோ மெழுகு உருகிய நிலையில் வெப்பத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். விரித்த கிராஃபைட் தூளைக் கலந்தால் கடத்தும் திறன் பல மடங்கு ஏறும். ஆனால் பத்தில் ஒரு பங்கு கிராஃபைட் போட்டால் பத்தில் ஒரு பங்கு மெழுகு குறையும், செலவும் ஏறும். மெழுகை மிளகு அளவு உருண்டைகளாக உறைபோட்டு அடைப்பது இன்னொரு வழி.

உப்புகளின் கதை வேறு. 1948-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்ற ஊரில் ஹங்கேரியில் பிறந்த மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி ஒரு வீட்டைச் சூரிய வெப்பத்தால் மட்டுமே குளிர்காலத்தில் சூடாக வைக்க முயன்றார். அவர் எடுத்துக்கொண்டது 32 டிகிரியில் உருகும் கிளாபர் உப்பு, இதுவும் ஒரு நீரேறிய உப்பு. முதல் குளிர்காலங்கள் சரியாகப் போயின. மூன்றாவது குளிர்காலத்துக்குள் உப்பு வேலையை விட்டுவிட்டது. அந்த உப்பு உருகும்போது தன் தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை. ஒரு பகுதி நீரில்லா உப்பாகப் பிரிந்து அடியில் படிகிறது. திரும்பக் குளிரும்போது மேலே நிற்கும் தண்ணீருக்கும் அடியில் கிடக்கும் உப்புக்கும் சந்திப்பே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத் திறன் போய்விடுகிறது. கெட்டியாக்கும் பொருள் சேர்த்து, படியாமல் தொங்கவிடுவதுதான் இன்றுவரை செய்யும் வைத்தியம்.

சோடியம் அசிடேட்டுக்கு வேறு குணம். 58 டிகிரியில் உருகும் என்றேன். ஆனால் 58-ல் உறைய வேண்டும் என்று அதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அறைச் சூட்டுக்கு இறங்கிய பிறகும் திரவமாகவே நிற்கும். ஒரு துளிப் படிகம் விழுந்தால் சட்டென்று முழுவதும் உறைந்து சூடாகும். தினமும் இரவில் வெப்பம் வேண்டும் என்பவருக்கு இது தொல்லை. பல வாரம் கழித்து வேண்டும் என்பவருக்கு இது வரம், ஏனென்றால் ஆறிப்போன பிறகும் அதற்குள் வெப்பம் பத்திரமாக இருக்கிறது.

இதையெல்லாம் சோதிக்கும் இடத்தில்தான் இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களின் முதல் சில வருடங்கள் போகின்றன. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இயற்பியல், வேதியியல் படித்துவிட்டு, நெட் அல்லது கேட் எழுதி, திருச்சி என்ஐடியிலோ சென்னை ஐஐடியிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்குச் சேர்வது வழக்கமான பாதை. கையில் கொடுக்கப்படும் கருவி, டிஃபரென்ஷியல் ஸ்கேனிங் கலோரிமீட்டர். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அலுமினியத் தட்டில் பத்து மில்லிகிராம் உப்பை வைத்து, மூடி, நிமிடத்துக்குச் சில டிகிரி என்று சூடேற்றினால், உருகும் இடத்தில் வரைபடம் ஒரு மேடு கட்டும். அந்த மேட்டின் பரப்பளவுதான் உள்ளுறை வெப்பம்.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் பத்து மில்லிகிராம் இரண்டு விதமாகப் பொய் சொல்லும். சிறிய துளியில் படிகம் முளைக்க வாய்ப்பு குறைவு, அதனால் உறையாமல் நிற்கும் குணம் பெரிய பீப்பாயில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். மறுபக்கம், அவ்வளவு மெல்லிய படலத்தில் உப்பு அடியில் படிய ஆழமே இல்லை. அதனால் டெல்கெஸின் வீட்டைக் கெடுத்த அந்த நோய் கண்ணிலேயே படாது. கிலோ கணக்கில் பீப்பாயில் ஊற்றி, உருக்கி, உறையவைத்து, மறுபடி உருக்கிப் பார்த்தால்தான் தெரியும். தினம் ஒரு சுற்று என்றால் 20 வருடத்துக்கு 7,300 சுற்று. கூடவே சின்ன உலோகத் துண்டுகளை உப்புக்குள் போட்டுவைத்து மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். குளோரைடு உப்புகள் அலுமினியத்தைத் தின்றுவிடும். பரபரப்பான வேலை என்று சொல்ல முடியாது. என் கருத்தில் இந்தத் துறையின் நேர்மையான பகுதி இதுதான். புதுப் பொருள் கண்டுபிடித்ததாக வரும் செய்திகளை விட, ஒரு பழைய பொருள் ஆயிரம் சுற்றுக்குப் பிறகும் கெடவில்லை என்ற ஒரு வரி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, வெயில் காலத்து வெப்பத்தை ஐப்பசிவரை வைக்க முடியுமா? தண்ணீரிலும் மணலிலும் மெழுகிலும் வைத்த வெப்பம் வெளியே கசியும். பெரிய தொட்டி மெதுவாகக் கசியும், ஏனென்றால் நீள அகல உயரம் பத்து மடங்கானால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும், வெளிப்பரப்பு நூறு மடங்குதான். பின்லாந்தின் 100 டன் மணலுக்கு அது ஒரு சலுகை. களத்து மேட்டில் வைக்கும் ஒரு டன் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. மாதக்கணக்கில் நிற்க வேண்டுமானால் வெப்பத்தை வெப்பமாகவே வைக்கக் கூடாது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதிப்பது தெரியும்தானே? ஒவ்வொரு கிலோவும் சுமார் 1,160 கிலோஜூல் விடுகிறது. நம் நெல்லுக்கு 125 கிலோ போதும். நீறிய சுண்ணாம்பைத் திரும்ப 500 டிகிரி அளவில் சுட்டால் தண்ணீர் பிரிந்து மறுபடி தயார். காற்றுப் படாமல் வைத்தால் எத்தனை மாதமானாலும் கெடாது. ஆனால் சில சுற்றுகளில் கட்டி உடைந்து மாவாகிறது. மாவுக்குள் நீராவி சீராகப் புகுவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயு பட்டால் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடும். இதில் ஆராய்ச்சி செய்ய இன்னும் நிறைய இடமிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு உமியைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் டெல்டாக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. ஒரு கிலோ உமி எரிந்தால் 13,000 கிலோஜூல். நம் ஒரு டன் நெல்லைக் காயவைக்கக் கணக்குப்படி 11 கிலோ உமி, வீணாவதைச் சேர்த்தாலும் 25 கிலோ. 550 கிலோ உப்பு எங்கே, 25 கிலோ உமி எங்கே! புழுங்கல் அரிசி ஆலைகள் காலங்காலமாக உமியில்தான் ஓடுகின்றன. உமியும் வெயிலைச் சேமித்த பொருள்தானே. ஆகவே நெல்லுக்கு வெப்பம் என்ற இடத்தில் பொருள் அறிவியலாளருக்கு இங்கே பெரிய வேலை இல்லை என்றே நினைக்கிறேன்.

வேலை இருப்பது குளிர்ச்சியில். நாகப்பட்டினத்திலும் மல்லிப்பட்டினத்திலும் படகில் ஏற்றும் ஐஸ் பார் உள்ளுறை வெப்பச் சேமிப்புதான். கிலோவுக்கு 334 கிலோஜூல். விலையில் அதை அடிக்க ஒரு பொருளும் இல்லை. மீனுக்கு அது போதும். தடுப்பூசிக்குப் போதாது: சில தடுப்பூசிகள் உறைந்தால் வீணாகிவிடும், அதனால் 5 டிகிரியில் உருகும் பொருள்களை அடைத்த பெட்டிகள் வந்திருக்கின்றன. திருவையாறு வாழைக்கும் அதே கதைதான். 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கருத்து, பழுக்காமல் நின்றுவிடும். ஐஸ் வைத்தால் தார் போச்சு. 13 டிகிரிக்குச் சற்று மேலே உருகும், விஷமில்லாத, மலிவான ஒரு பொருள் வேண்டும். தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் 44 டிகிரியில் உருகும், அதிலேயே கொஞ்சம் இருக்கும் காப்ரிலிக் அமிலம் 16 டிகிரியில். இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் கலவையின் உருகுநிலை 16-க்கும் கீழே இறங்கிவிடும். எந்த விகிதம், எத்தனை ஆயிரம் சுற்று தாங்கும், பெட்டியின் பிளாஸ்டிக்கை அரிக்குமா என்பதெல்லாம் பட்டுக்கோட்டைப் பக்கத்து மாணவர் ஒருவர் முனைவர் பட்டத்துக்கே எடுத்துக்கொள்ளக் கூடிய கேள்விகள். மூலப்பொருள் தோப்பிலேயே இருக்கிறது.