சேற்றில் ஊறிய நாட்குறிப்பை எப்படிப் படிக்கிறார்கள்?

முதல் உலகப் போரில் மழையில் ஊறிய சிப்பாய்களின் நாட்குறிப்புகளை இன்றும் எப்படிப் படிக்க முடிகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மைக்கூடு பதுங்குகுழிக்குச் சரிப்படாது. போர்முனையில் நாட்குறிப்பு எழுதவே பிரிட்டிஷ் படையில் தடை இருந்தது. எதிரியிடம் சிக்கினால் படை விவரம் போய்விடும். மீறி எழுதியவர்களில் பலர் கையில் இருந்தது ‘அழியாப் பென்சில்’.

சாதாரணப் பென்சிலில் கிராஃபைட்டும் களிமண்ணும் இருக்கும். இதில் கூடுதலாக மெத்தில் வயலெட் சாயம். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்ஷன் வயலெட்டின் உறவு. உலர்ந்த தாளில் எழுதினால் கோடு சாம்பல் நிறம். ஈரம் பட்டதும் சாயம் கரைந்து, ஊதாவாகித் தாளின் நார்களுக்குள் இறங்கிவிடும். சாய மூலக்கூறு நேர்மின்னேற்றம் கொண்டது, செல்லுலோஸ் நாரில் லேசான எதிர்மின்னேற்றம். பிடித்துக்கொண்டால் ரப்பரால் எடுக்க முடியாது.

ஈரம் மிஞ்சினால்தான் வினை. சாயம் பரவி எழுத்துகள் ஒன்றோடொன்று கலக்கும். எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறிப் பதியும். வெளிச்சத்தில் வெளிறும்.

ஆனால் கிராஃபைட் கரைவதில்லை! சாயம் எங்கே ஓடினாலும், எழுதியவர் கை இழுத்த இடத்திலேயே அது கிடக்கிறது. மெத்தில் வயலெட் 590 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் ஒளியை உறிஞ்சும். 900ஐத் தாண்டிய அகச்சிவப்பு அதை ஊடுருவிப் போய்விடும். கிராஃபைட்டோ அகச்சிவப்பையும் விழுங்கும். அந்த ஒளியில் படமெடுத்தால் ஊதாக் கறை முழுக்க மறைந்து, அடியிலிருந்த எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கிறது. இதைவிட அழகான வேதியியலை நான் அறியேன்.

இத்தகைய தாளை நீரிலோ ஆல்கஹாலிலோ கழுவவே கூடாது; இரண்டிலும் சாயம் கரையும். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவை) மங்கலாக இருக்கட்டும். சாதாரண ஸ்கேனரில் போட்டுவிட்டு ‘டிஜிட்டல்மயம் முடிந்தது’ என்று அறிவிப்பது போதாது. ஆவணக் காப்பகங்களுக்கு அகச்சிவப்புக் கேமராவுக்கும் நிதி ஒதுக்க வேண்டும். படிப்பதற்கு மட்டுமல்ல, பின்னால் சேர்த்ததைக் கண்டுபிடிக்கவும் அது வேண்டும்.

உதாரணத்துக்கு, 1916 ஜூலை 1, பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல்போனவர்கள் எல்லாம் சேர்த்து 57,470 பேர். அன்றைய பக்கத்தில் இந்த எண் இருந்தால் சந்தேகிக்க வேண்டும்; களத்தில் இருந்த சிப்பாய்க்குத் தன் கம்பெனியின் (சிறு படைப்பிரிவின்) கதி தெரிந்திருந்தாலே அதிகம். பிற்பாடு சாய மையால் எழுதிச் சேர்த்த எண் என்றால், அகச்சிவப்பில் பென்சில் வரிகள் நிற்கும், அந்த எண் மட்டும் காணாமல் போகும்.