ஜாக்கி என்னும் திருகுதூக்கி

படகு டிரெய்லரின் முன்மூக்கில் கைப்பிடியோடு ஒரு குழாய் நிற்கும். அதன் அடியில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற டிரெய்லரின் மூக்கு எழுந்து, வண்டியின் இணைப்பிலிருந்து கழன்று வரும். இந்தக் கருவியை நாம் ஜாக்கி என்கிறோம்.

அமெரிக்கர்கள் இதை ஜாக் என்பார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சக்கரம் வைத்த இதே கருவி 'ஜாக்கி வீல்' ஆகிவிடும். அந்த ஜாக்கி, குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்பவரைக் குறிக்கும் சொல். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. நாம் குழப்பிக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம், பிறந்த வீட்டிலேயே அவை உறவுதான்.

ஜாக் என்பது ஜான் என்ற பெயரைச் செல்லமாகச் சொல்வது. தமிழ் விவிலியம் யோவான் என்று எழுதுகிறதே, அந்த எபிரேயப் பெயர்தான் இதற்கெல்லாம் மூலம். எங்கு பார்த்தாலும் ஜாக்குகள் இருந்ததால், அந்தப் பெயர் முதலில் 'யாரோ ஒருவன்' என்றும் பிறகு 'ஏவலாள்' என்றும் பொருள் கொண்டது. ஏவலாள் செய்துவந்த வேலையைக் கருவி செய்யத் தொடங்கியதும் கருவிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இறைச்சி கோத்த கம்பியை நெருப்பின் மேல் சுழற்றிய பொறி ஒரு ஜாக். பூட்ஸைக் கழற்ற உதவும் பலகை இன்னொரு ஜாக். பாரம் தூக்குவதும் அப்படித்தான் ஜாக் ஆனது. சீட்டுக்கட்டில் ராஜாவுக்கும் ராணிக்கும் கீழே நிற்கும் ஜாக்கியும் இந்த ஏவலாள்தான். ஸ்காட்லாந்துக்காரர் வாயில் ஜாக் சற்றே உருண்டு ஒலிக்கும். அந்த வடிவத்தைச் செல்லமாக நீட்டியதுதான் பந்தயக்குதிரை ஜாக்கி.

தமிழில் பேங்க் பேங்கு ஆனதுபோல இதுவும் ஜாக்கு ஆகியிருக்கலாம். ஆனால் நிலைத்தது ஜாக்கி. தூக்கி, தாங்கி, உயர்த்தி என்று வினையோடு இகரம் சேர்த்துக் கருவிக்குப் பெயர் வைப்பது நம் வழக்கம் என்பதால், ஜாக்கியும் அந்த வரிசையில் காதுக்கு உறுத்தாமல் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பளுதூக்கி என்றால் விளையாட்டு வீரர் நினைவுக்கு வருகிறார். பாரந்தூக்கி என்பதைக் கிரேன் எடுத்துக்கொண்டது. சுமைதாங்கி அழகான சொல், ஆனால் அது தாங்கும், தூக்காது. மின்சாரத்தால் தூக்குவது மின்தூக்கி என்றால், திருகால் தூக்குவது திருகுதூக்கி. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஜாக்கிக்கு இது பொருந்தாது என்பது உண்மை. ஆனால் டிரெய்லர் ஜாக்கிகளில் பெரும்பாலானவை திருகில் ஓடுபவை. தவிர, கருவியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதையும் இந்தப் பெயரே காட்டிவிடுகிறது.

வெளிக்குழாய்க்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும், பளபளவென்று நிற்கும். உள்ளே இருக்கும் நீளமான எஃகுத் திருகுக்கும் அதில் ஓடும் மரைக்கும் (நட்) பெரும்பாலும் மசகு, அதாவது கிரீஸ், ஒன்றுதான் காப்பு. படகை இறக்கும்போது ஜாக்கியும் நனையும், உப்புத் தண்ணீர் குழாய்க்குள் புகும். கைப்பிடி 'கரகர'வென்று ஓடத் தொடங்கினால் திருகு காய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது பலத்தைக் கூட்டிச் சுற்றாதீர்கள், கைப்பிடியைப் பிணைத்திருக்கும் ஊசி (பின்) முறியும்.

மசகிடும் முன் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மூக்கை உறுதியான தாங்கியில் உட்கார வைத்து, ஜாக்கியின் மேல் பாரமே இல்லாமல் செய்யுங்கள். உள்குழாயை எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கி, எட்டுகிற பழைய மசகைத் துணியால் வழித்தெடுங்கள். அதன் நிறத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. செம்பழுப்பாக, விரலில் நெருநெருத்தால் துரு. புதிதாகப் போடுவது தண்ணீரில் கரைந்து போகாத, படகுகளுக்கென்றே வரும் மசகாக இருக்கட்டும். வகை தெரியாத பழைய மசகின் மேல் அதைப் பூசக் கூடாது. சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி வழிந்துவிடும். குழாயில் மசகு ஏற்றுவதற்கான சின்ன முனை (நிப்பிள்) இருந்தால் மசகை அழுத்திச் செலுத்தும் கிரீஸ் கன்னை அதில் பொருத்தி அடிக்கலாம், இல்லாவிட்டால் திருகிலேயே தடவ வேண்டும். கைப்பிடிக்குக் கீழே பல்சக்கரங்கள் இருந்தால் மூடியைக் கழற்றி அங்கும் வையுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே மசகுக்கு மாற்று அல்ல. அது இருக்கிற மசகையும் கரைத்துவிட்டு உலர்ந்துவிடும். சின்னச் சக்கரத்தின் அச்சுக்குக் கொஞ்சம் எண்ணெய் போதும்.

வழுக்கும்படி மசகிட்டால் பாரம் தானாக இறங்கிவிடுமோ என்று சிலர் பயப்படுவதுண்டு. இறங்காது. திருகின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால், கைப்பிடியைச் சுற்றாமல் மரை பின்னோக்கி ஓட முடியாது.

கிரீஸுக்கு நான் மசகு என்று எழுதுவது வேண்டுமென்றேதான். கிரீஸின் வேர் லத்தீனில் 'தடித்த' என்று பொருள்படும் சொல். கொழுப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. பாடப்புத்தகங்கள் உயவு எண்ணெய் என்கின்றன. இலங்கைத் தமிழ் ஏடுகளில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். வண்டி அச்சுக்கு இடும் மையை மசகு என்றே சொல்லி வந்திருக்கிறோம், ஜாக்கியின் திருகுக்கும் அதுவே கச்சிதமான சொல். மசகிட்டபின் நான்கைந்து முறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். கைப்பிடி சத்தமில்லாமல், ஒரே கனத்தில் ஓடினால் மரை வரை மசகு போய்ச் சேர்ந்துவிட்டது.